பூட்டுத் தொழிலாளி மகன் ஓம்



நம்ம லேபில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லப்படும் பெயர் ஒன்று உண்டு. இந்த ரெசிஸ்டர் எத்தனை ஓம், அந்த காயில் எத்தனை ஓம் என்று கேட்டபடியே மூன்று வருடத்தையும் ஓட்டிவிடுகிறோம். சுசீந்திரம் கோயிலில் கேட்கிற ஓம் வேறு, இது வேறு. இது ஜெர்மனியில் பிறந்த ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜார்ஜ் சைமன் ஓம்! முதல் வருடத்திலேயே வி = ஐ × ஆர் என்று அவருடைய விதியை மனப்பாடம் செய்து, ரெண்டு மார்க் வாங்கி, அதோடு அவரை மறந்தும் விடுகிறோம்.

இந்த ஆண்டு மலரில் நான் அவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. இப்போது ப்ராஜெக்ட் செய்கிறவர்களில் பலருடைய மேஜையில் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் சென்சார் மாட்யூல் ஒன்று கிடக்கிறது. அரைத் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நாலு வயரை இணைத்து புரோகிராமை ஏற்றினால் வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் திரையில் எண்ணாக வந்து நிற்கிறது. எண் வந்தாச்சு, வேலை முடிஞ்சாச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எண் எப்படி வந்தது என்று வைவாவில் கேட்டால் முழிக்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் ஓமின் வாழ்க்கையில் இருக்கிறது. அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

தகப்பனாரே முதல் ஆசான்

ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி எர்லாங்கன் நகரில் பிறந்தார். இன்றைய ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் உள்ள ஊர் அது. தகப்பனார் ஜோஹன் வோல்ஃப்காங் ஓம், பூட்டு செய்யும் தொழிலாளி. தாயார் ஒரு தையல்காரரின் மகள். அவர்களுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள். ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத். ஜார்ஜுக்குப் பத்து வயது ஆகும்போது தாயாரும் இறந்துபோனார்.

அந்தப் பூட்டுத் தொழிலாளி பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனால் சும்மா இருந்தவரும் இல்லை. தானாகவே புத்தகங்களைத் தேடிப் படித்து, கணக்கையும் அறிவியலையும் கற்றுக்கொண்டார். கற்றதைப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார். எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் இந்தப் பையன்களைச் சோதித்துப் பார்த்து அசந்து போனாராம். கணித உலகில் புகழ்பெற்ற பெர்னூலி சகோதரர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். தம்பி மார்ட்டின் பிற்காலத்தில் பெர்லினில் கணிதப் பேராசிரியராகவே ஆனார்.

நம்ம வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமார் வீட்டுப் பிள்ளைகளுக்கு உலோகத்தின் குணம் யாரும் சொல்லாமலே தெரியும். ஓமும் அப்படிப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைதான். கணக்கும் கைவேலையும் ஒரே வீட்டில் கிடைத்தன. பின்னாளில் இந்த ரெண்டும் சேர்ந்துதான் அவருக்குக் கை கொடுத்தன.

படிப்பை விட்ட பையன்

1805-இல், பதினாறு வயதில், ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த பிறகு நடந்ததைக் கேட்டால் நமக்கெல்லாம் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ்... இவற்றிலேயே நாள் போனது. பாடுபட்டுப் படிக்கவைத்த தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று செமஸ்டரோடு படிப்பு நின்றது. 1806-இல் பையன் சுவிட்சர்லாந்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தான். பதினேழு வயது வாத்தியார்!

போன இடத்தில் திருந்தினார் என்று சொல்வதைவிட, தனியாக உட்கார்ந்து படிக்கப் பழகினார் என்று சொல்வதுதான் சரி. லாங்ஸ்டார்ஃப் சொன்ன யோசனைப்படி ஆய்லர், லாப்லாஸ் போன்ற மேதைகளின் நூல்களைத் தானே படித்தார். 1811-இல் எர்லாங்கனுக்குத் திரும்பி வந்து அதே வருடம் டாக்டர் பட்டமும் பெற்றுவிட்டார்.

பட்டம் வந்தது, ஆனால் நல்ல வேலை வரவில்லை. பல்கலைக்கழகத்தில் சில காலம் வகுப்பு எடுத்தார். அந்த வருமானத்தில் பிழைக்க முடியவில்லை. 1813-இல் பாம்பெர்க் நகரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியும் 1816-இல் மூடப்பட்டது. இதற்கிடையில் வடிவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதி, பிரஷ்ய மன்னருக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்தார். அது பலன் தந்தது. 1817-இல் கொலோன் நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. ஓமின் வாழ்க்கை அங்கேதான் திரும்பியது.

மீட்டர் இல்லாத காலம்

இப்போது நாம் அந்தக் காலத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டுவர வேண்டும். வோல்ட்டா பேட்டரியைக் கண்டுபிடித்தது 1800-இல். மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்று டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் காட்டியது 1820-இல். அவ்வளவுதான். வோல்ட் என்ற அலகு கிடையாது. ஆம்பியர் என்ற அலகு கிடையாது. கடையில் போய் மல்டிமீட்டர் வாங்கிவிட முடியாது. அளக்கவேண்டிய பொருளையும் அளவுகோலையும் சேர்த்தே உண்டாக்கவேண்டிய நிலைமை.

ஓமுக்கு முன்பே இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் என்ற செல்வந்த விஞ்ஞானி இந்த வழியில் போயிருக்கிறார். கண்ணாடிக் குழாய்களில் உப்புத் தண்ணீரை நிரப்பி, அதன் வழியாக மின்சாரத்தைப் பாய்ச்சி, எவ்வளவு ஷாக் அடிக்கிறது என்று தன் உடம்பிலேயே வாங்கிப் பார்த்தார். அவர் உடம்புதான் சென்சார் மாட்யூல்! ஓமின் விதிக்கு அருகிலேயே அவர் வந்துவிட்டார். ஆனால் அதை வெளியிடவில்லை. 1810-இல் இறந்தும் போனார். அவர் குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879-இல் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. ஆக, ஓம் தன் காலத்தில் யார் வழியையும் பார்த்து நடக்கவில்லை.

1825-இல் ஓம் முதல் சோதனைகளைச் செய்தார். மின்சுற்றில் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, காந்த ஊசியின் மேல் உண்டாகும் விசை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். அதில் கிடைத்ததை ஒரு லாகரிதம் சூத்திரமாக எழுதி வெளியிட்டார். அது இன்று நாம் படிக்கும் விதி இல்லை. கோளாறு எங்கே என்றால், பேட்டரியில். அந்தக் காலத்து செல்லை இணைத்த உடனே ஒரு வேகம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். நம்ம ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாதிரி ஏறியும் இறங்கியும் விளையாடும். அளக்கிற கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மூலமே நிலையாக நிற்கவில்லை என்றால் வருகிற எண்ணை நம்ப முடியுமா?

கொதிநீரும் பனிக்கட்டியும்

இங்கேதான் ஓம் பெரிய மனிதராகிறார். வெளியிட்ட சூத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பெர்லினில் அறிவியல் இதழ் நடத்திய போகன்டார்ஃப் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுவிட்டு, சீபெக் 1821-இல் கண்டுபிடித்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்பதுதான் அந்த யோசனை. ரெண்டு உலோகங்களை இணைத்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பாயும். நம்ம இன்ஸ்ட்ருமென்டேஷன் பாடத்தில் வரும் தெர்மோகப்பிள்தான் இது.

ஓம் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்தார். ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும், மறு முனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். தண்ணீர் கொதிக்கும்வரை அந்தச் சூடு மாறாது. பனி உருகி முடியும்வரை அந்தக் குளிரும் மாறாது. மின்சாரம் மிகச் சொற்பம்தான், ஆனால் நிலையானது. மின்னோட்டத்தை அளக்க, தட்டையான தங்க இழையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்சாரம் பாய்ந்தால் ஊசி திரும்பும். இழையை எதிர்ப்பக்கம் முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எவ்வளவு முறுக்கினோமோ அதுதான் மின்னோட்டத்தின் அளவு. இதற்கு முறுக்குத் தராசு என்று பெயர்.

ஒரே கனமுள்ள எட்டு தாமிரக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 1826 ஜனவரி 8-ஆம் தேதி சோதனையில், 2 அங்குலக் கம்பிக்குத் தராசு காட்டியது 326¾. 130 அங்குலக் கம்பிக்கு 48½. இந்த எண்களை வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்த கணக்கு மிக எளிமையானது. கம்பியின் நீளத்தோடு 20¼-ஐக் கூட்ட வேண்டும். 7285-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 2 அங்குலத்துக்கு 327.4 வரும். 130 அங்குலத்துக்கு 48.5 வரும். இருநூறு வருடத்துக்கு முன்னால், ஒரு தங்க இழையும் காந்த ஊசியும் கொடுத்த துல்லியம் இது!

அந்த 7285 என்ன, 20¼ என்ன? ஓம் இதையும் விடவில்லை. கொதிநீரை எடுத்துவிட்டு, ஒரு முனையை அறைச் சூட்டிலேயே விட்டு மறுபடி அளந்தார். மேலே இருந்த பெரிய எண் குறைந்தது. 20¼ மட்டும் அசையவே இல்லை. ஆக, பெரிய எண் மூலத்தின் தள்ளும் சக்தி. அதாவது மின்னியக்கு விசை. 20¼ என்பது கம்பியைத் தவிர்த்த மீதிச் சுற்றின் மின்தடை. அந்தக் கம்பியில் 20¼ அங்குலம் எவ்வளவு தடுக்குமோ அவ்வளவு தடையைச் சுற்றின் மற்ற பகுதி ஏற்கெனவே தனக்குள் வைத்திருக்கிறது என்று அர்த்தம். நாம் இன்று அகமின்தடை என்று படிப்பதும் இதில் அடங்கியதுதான்.

மாட்யூலுக்குள்ளே ஓம்

இப்போது நம்ம மேஜைக்கு வருவோம். பெரும்பாலும் நாம் வாங்குவது ஐ.என்.ஏ. 219 என்ற சிப் உள்ள மாட்யூல். அதன் மேலே ஆர்100 என்று எழுதிய ஒரு சின்ன ரெசிஸ்டர் தெரியும். 0.1 ஓம் என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். இதுதான் ஷன்ட். நம்ம மின்னோட்டம் முழுவதும் இதன் வழியாகத்தான் போகிறது. 2 ஆம்பியர் போனால் இதன் ரெண்டு முனைக்கும் நடுவே 0.2 வோல்ட் உண்டாகும். சிப் அளப்பது இந்தச் சின்ன வோல்ட்டேஜைத்தான். அதை 0.1-ஆல் வகுத்து 2 ஆம்பியர் என்று நமக்குச் சொல்கிறது. அதாவது, மின்னோட்டத்தை அது பார்ப்பதே இல்லை; ஓம் விதியை நம்பிக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. 10 மைக்ரோவோல்ட் வரை பிரித்துப் பார்ப்பதால், 0.1 மில்லி ஆம்பியர் வித்தியாசம்கூடத் தெரியும். அதிகபட்சம் 3.2 ஆம்பியர், 26 வோல்ட். அதற்கு மேல் கூடாது. 230 வோல்ட் வீட்டு லைனில் இதை வைக்கவே கூடாது மக்கா, ஞாபகம் இருக்கட்டும்!

இன்னொரு வகை ஏ.சி.எஸ். 712. இது ஹால் விளைவை வைத்து வேலை செய்கிறது. எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்தது. உள்ளே தாமிரப் பாதையில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப் புலத்தை சிப் உணர்கிறது. மின்னோட்டம் இல்லாதபோது 2.5 வோல்ட் காட்டும். 5 ஆம்பியர் வகையில், ஒரு ஆம்பியருக்கு 185 மில்லி வோல்ட் வீதம் அது மாறும். கொஞ்சம் யோசித்தால், தங்க இழையில் ஊசியைத் தொங்கவிட்டு ஓம் செய்ததும் இதே வேலைதான். இவர் சிலிக்கானை வைத்தார், அவர் காந்த ஊசியை வைத்தார். ஆகவே நான் இப்படிச் சொல்வேன். முதல் மாட்யூலில் ஓமின் விதி இருக்கிறது. ரெண்டாவது மாட்யூலில் ஓமின் முறை இருக்கிறது. 25 வோல்ட் வரை அளக்கும் மலிவான வோல்ட்டேஜ் சென்சாரைப் பிரித்துப் பார்த்தால் 30 கிலோ ஓம், 7.5 கிலோ ஓம் என்று ரெண்டே ரெசிஸ்டர்தான். வருகிற வோல்ட்டேஜை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கிறது. அதுவும் ஓமின் விதிதான்.

தோப்பில் ஒரு விளக்கு

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. 50 மீட்டர் தள்ளித் தென்னந்தோப்பில் 2 ஆம்பியர் எடுக்கும் விளக்கு போட வேண்டும். 1 சதுர மில்லி மீட்டர் தாமிர வயர் இழுக்கிறோம். போக 50 மீட்டர், வர 50 மீட்டர், ஆக மொத்தம் 100 மீட்டர். இந்த வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0172 ஓம். மொத்தம் 1.72 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 3.4 வோல்ட் போய்விடும். விளக்குக்குப் போய்ச் சேருவது 8.6 வோல்ட்தான். மாட்யூலை வீட்டுப் பக்கம் வைத்தால் 12 என்று சந்தோஷமாகக் காட்டும். தோப்புப் பக்கம் வைத்தால்தான் விஷயம் வெளுக்கும். நீளக் கம்பி எவ்வளவு தின்கிறது என்று 130 அங்குலம் வரை வைத்து ஓம் பார்த்த அதே வேலைதான் இது. எங்கே வைத்து அளக்கிறோம் என்பதும் அளவில் சேர்த்தி.

பேட்டரி பழசா புதுசா என்று பார்க்கவும் ஓமின் கணக்கு உதவும். 2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் நம்ம மாவட்டத்தை அடித்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரி விளக்கு கடைசிவரை எரியுமா என்பது சும்மா ப்ராஜெக்ட் கேள்வி இல்லை. சோதிப்பது சுலபம். சுமை இல்லாமல் பேட்டரியில் 12.6 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் எடுக்கும்போது மாட்யூல் 12.0 காட்டுகிறது. 0.6 வோல்ட் குறைந்தது. 2-ஆல் வகுத்தால் அகமின்தடை 0.3 ஓம் என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள்! ஐ.என்.ஏ. 219 வோல்ட்டேஜைப் பார்ப்பது ஷன்ட்டைத் தாண்டி, சுமையின் பக்கம். ஷன்ட்டே 0.2 வோல்ட்டை எடுத்துக்கொண்டது. அதையும் கூட்டினால் பேட்டரி முனையில் 12.2. குறைந்தது 0.4 வோல்ட்தான். அகமின்தடை 0.2 ஓம். அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதிதான் என்பதை மறந்தால் நல்ல பேட்டரியையும் சீக்கு என்று தள்ளிவிடுவோம். ஓம் அந்த 20¼-ஐ ஒதுக்கிவிடாமல் கணக்கில் சேர்த்ததன் அருமை இதில் விளங்கும்.

புத்தகம் வந்தது, வேலை போனது

ஓமின் கதைக்குத் திரும்புவோம். சோதனை வெற்றி. 1826-இல் பாதிச் சம்பளத்தில் ஒரு வருட விடுப்பு வாங்கிக்கொண்டு பெர்லினுக்குப் போனார். 1827-இல் மின்சுற்றைக் கணித முறையில் விளக்கும் புத்தகத்தை வெளியிட்டார். வெப்பம் உலோகத்தில் எப்படிப் பரவுகிறது என்று ஃபூரியே 1822-இல் எழுதியிருந்தார். ஏறக்குறைய அதே பாணியில் மின்சாரம் கம்பியில் எப்படிப் பாய்கிறது என்று ஓம் எழுதினார். இந்தப் புத்தகத்தால் ஒரு பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

கிடைக்கவில்லை. அந்தக் கால ஜெர்மனியில் இயற்பியலைக் கணக்காக எழுதுவது பலருக்குப் பழக்கமில்லாத விஷயம். இயற்கையைச் சிந்தனையாலேயே விளங்கிக்கொள்ளலாம் என்ற தத்துவப் போக்கு அங்கே செல்வாக்கோடு இருந்தது. புத்தகத்தைச் சிலர் கடுமையாக விமர்சித்தார்கள். பலர் கண்டுகொள்ளவே இல்லை. விமர்சனத்தைவிட அந்த மௌனம்தான் ஓமை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1828-இல் கொலோன் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். வயது 39. விதி கையில் இருக்கிறது, நிலையான வேலை கையில் இல்லை.

அடுத்த ஐந்து வருடம் பெர்லினில் ராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குப் பாடம் நடத்திப் பிழைத்தார். தன் விதியை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அளந்து பார்த்தவருக்கு அது முடியாது. 1825-இல் அளவு சரியில்லை என்று தெரிந்ததும் தன் சூத்திரத்தைத் தானே மாற்றிக்கொண்ட அதே மனிதர், 1827-க்குப் பிறகு அளவு சரியாக இருந்ததால் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. பிடிவாதமும் பணிவும் ஒருவரிடமே இருக்க முடியும் என்று இதில் தெரிந்துகொண்டேன்.

பாலிடெக்னிக் வாத்தியார்

1833-இல் ஓமுக்கு வேலை கொடுத்தது எது தெரியுமா நண்பர்களே? ஒரு பாலிடெக்னிக்! நியூரம்பெர்க் நகரின் பாலிடெக்னிக் பள்ளியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். 1839-இல் அதற்கே தலைமைப் பொறுப்பும் ஏற்றார். தொழில் படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வருடங்களில்தான் அவர் விதி உலகம் சுற்றத் தொடங்கியது. ஜெர்மனியில் ஃபெக்னரும் ரஷ்யாவில் லென்ஸும் அதை வைத்து அளந்து பார்த்துச் சரி என்றார்கள். பிரான்சில் பூயே தன் சோதனைகளிலும் அதே முடிவுக்கு வந்தார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த விருதான காப்லி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அப்போது வயது 52. 1842-இல் அயல்நாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் வீட்ஸ்டன் 1843-இல் மின்தடையை அளக்கும் முறைகளை எழுதியபோது ஓமின் விதியையே அடிப்படையாக வைத்தார். நாம் லேபில் செய்யும் வீட்ஸ்டன் பிரிட்ஜ் நினைவுக்கு வருகிறதா?

இதற்குப் பிறகும் வாழ்நாள் கனவு கைகூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1849-இல் மியூனிக் சென்றார். அங்கே பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி 1852-இல் கிடைத்தது. ரெண்டே வருடம். 1854 ஜூலை 6-ஆம் தேதி, 65-ஆம் வயதில் ஓம் காலமானார்.

1881-இல் பாரிசில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்றும், மின்னழுத்தத்துக்கு வோல்ட் என்றும், மின்னோட்டத்துக்கு ஆம்பியர் என்றும் பெயர்களை ஏற்றுக்கொண்டது. ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் இத்தாலியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். நம்ம சின்னத் திரையில் தெரியும் வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் நடுவே, எழுதப்படாமல் ஓம் நின்றுகொண்டிருக்கிறார். அவர் வேலை பார்த்த நியூரம்பெர்க்கில் இன்று உள்ள தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் ஜார்ஜ் சைமன் ஓம் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன?

கோதையாறு நீர்மின் நிலையத்திலும் முப்பந்தல் காற்றாலைகளிலும் நாளை நம்மில் சிலர் வேலைக்குப் போகலாம். அங்கேயும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்தபடியேதான் இருக்க வேண்டும். கருவி பெரியதாக இருக்கும், திரை பளபளப்பாக இருக்கும். திரையில் வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்ள ஒரு ஆள் போதும். அந்த எண் எங்கிருந்து வந்தது, மூலம் நிலையாக இருந்ததா, எந்த இடத்தில் அளந்தது, கருவி தனக்கென்று எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று கேட்கத் தெரிந்தவன்தான் டெக்னீஷியன். டிப்ளமோ படிப்பு அதற்குத்தான்.

ஆகவே, இந்த வருடம் ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்கு என் ஒரே வேண்டுகோள். உங்கள் ரிப்போர்ட்டில் சர்க்யூட்டும் புரோகிராமும் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சென்சார் எப்படி அளக்கிறது என்று ஒரு பக்கம் சேர்த்து எழுதுங்கள். தெரிந்த ஒரு ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து, வரவேண்டிய மின்னோட்டத்தைக் கணக்குப் போட்டு, மாட்யூல் காட்டுவதோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணையும் போடுங்கள். எட்டு அளவு போதும். ஓமும் எட்டுக் கம்பியை வைத்துத்தான் உலகத்தை நம்பவைத்தார்.

பூட்டுத் தொழிலாளியின் மகனால் முடிந்தது நம்மாலும் முடியும். அளப்போம், அளந்ததை விளங்கிக்கொள்வோம்!